பாக்கெட் அளவை நெட்வொர்க்கே கண்டுபிடிக்க வைப்பது எப்படி: எம்டியு பற்றிய முழு வழிகாட்டி

அலுவலக விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் தனி இணைப்பு) இணைந்துவிடுகிறது, சாட்டும் ஓடுகிறது, ஆனால் பொது ஃபோல்டரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பு தெளிவாகக் கேட்கிறது. அதே இணைப்பில் அரசு தளம் ஒன்றில் ஸ்கேன் செய்த பத்திரத்தை ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இப்படிப்பட்ட புகாருக்கு ரவுட்டரை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் கணினியையே ஃபார்மேட் செய்துவிடுவார்கள். சின்னது எல்லாம் போகிறது, பெரியது மட்டும் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பாக்கெட்டின், அதாவது நெட்டில் தரவு பிரித்து அனுப்பப்படும் பொட்டலத்தின், அளவைத்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பகுதி உள்ளூர் கேபிள்காரர் வழியாக, யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு இணைகிற பிபிபிஓஇ வகை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஒரு ரப்பர் மரக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தால் ஃபைபர் போய்விடும், உடனே போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவோம். மாலையில் ஃபைபர் திரும்பி வரும். அதற்கிடையில் திருவனந்தபுரத்து அலுவலகத்துக்கு விபிஎன் வேறு. ஒரே நாளில் ஒரே மடிக்கணினி நாலு வகைப் பாதையில் போகிறது, ஒவ்வொன்றிலும் போகக்கூடிய பாக்கெட் அளவு வேறு. அதனால்தான் எங்கோ படித்த ஓர் எண்ணை எடுத்துப் போட்டு முடித்துவிடாமல், அளவைத் தானாகக் கண்டுபிடிக்கிற ஏற்பாட்டைச் செய்து வையுங்கள் என்று சொல்கிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பு அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எண்களும் குறிகளும் உள்ளது உள்ளபடியே.

சிறந்த அளவு என்பது எது

ஒரு இணைப்பில் ஒரே தடவையில் அனுப்பக்கூடிய ஐபி பாக்கெட்டின் உச்ச அளவுதான் எம்டியு. ஈதர்நெட்டில் இது 1500 பைட். அதற்குள் ஐபிவி4 தலைப்பு (முகவரி முதலியவை எழுதிய முன்பகுதி) 20 பைட், டிசிபி (தரவு ஒப்புகையோடு போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) தலைப்பு 20 பைட் போக, மீதி 1460 பைட் உங்கள் தரவு. இந்த 1460-க்கு எம்எஸ்எஸ் என்று பெயர். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் தலைப்பு 40 பைட் என்பதால் அங்கே எம்எஸ்எஸ் 1440. பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், ஆகவே 1500 என்பது 1492 ஆகிவிடும்.

வைக்கோல் ஏற்றிய லாரி ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை போகிறது என்றால், வழியில் இருக்கும் உயரத் தடுப்புகளில் எது மிகத் தாழ்வோ அதுதான் சுமையின் உயரத்தைத் தீர்மானிக்கும். பாக்கெட்டுக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டு வைஃபையில் 1500 என்றாலும், நடுவில் ஒரு சுரங்கத்தில் (பாக்கெட்டை உறைக்குள் போட்டுக் கொண்டுபோகும் விபிஎன் போன்ற வழி) 1420 என்றால் முழுப் பாதைக்கும் 1420. இதைப் பாதை எம்டியு என்கிறோம். சிறந்த அளவு என்பது பெரும்பாலும் இதுவே: துண்டாகாமல், தொலையாமல் கடைசிவரை போய்ச் சேரும் மிகப் பெரிய பாக்கெட்.

ஏன் பெரிது நல்லது? ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஈதர்நெட் கம்பியில் 38 பைட் கூடுதல் செலவு: முன்குறி 8, தலைப்பு 14, சரிபார்ப்பு 4, இடைவெளி 12. ஆக 1500 பைட் பாக்கெட் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது, அதில் பயனுள்ள தரவு 1460, அதாவது 94.9 சதவீதம். பிபிபிஓஇ-யில் தரவு 1452, அதாவது 94.4 சதவீதம். அரை சதவீதம்தான் வித்தியாசம். எம்டியுவைச் சரிசெய்தால் நெட் இரண்டு மடங்கு வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவு சரியாக இருந்தால் கிடைக்கும் பெரிய லாபம், நின்று போன விஷயங்கள் நிற்காமல் ஓடும் என்பதே.

விலை குறைந்த ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 1500 பைட் பாக்கெட்டால் நிரப்பினால் வினாடிக்குச் சுமார் 8,100 பாக்கெட். மிகச் சிறிய 64 பைட் சட்டங்களால் (ஃப்ரேம், ஈதர்நெட் தலைப்போடு சேர்ந்த பாக்கெட்) நிரப்பினால் சுமார் 1,48,800. ரவுட்டரின் சிப்புக்கு உழைப்பு பெரும்பாலும் பாக்கெட் எண்ணிக்கையைப் பொறுத்தது, பைட் எண்ணிக்கையை அல்ல.

தானாகக் கண்டுபிடிக்கும் முறைகள்

படிகளுக்குப் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது புரிந்தால் பின்னால் வரும் கட்டளைகள் எல்லாம் தானாகவே விளங்கும்.

முதல் முறை 1990-இல் ஆர்எஃப்சி 1191 வழியாக வந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்). கணினி ஒவ்வொரு பாக்கெட்டிலும் "என்னைத் துண்டாக்காதே" என்ற கொடியை ஏற்றி அனுப்பும். வழியில் ஒரு ரவுட்டருக்கு அது பெரிதாகப் பட்டால் பாக்கெட்டைக் கைவிட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஐசிஎம்பி (நெட்வொர்க் தன் நிலைமையையும் கோளாறையும் சொல்லும் நெறிமுறை) வகை 3, குறியீடு 4 செய்தியைத் திருப்பி அனுப்பும்: "துண்டாக்க வேண்டியிருக்கிறது, என் அளவு 1492." அனுப்பிய கணினி அந்த எண்ணை ஓர்மையில் வைத்துக்கொண்டு அடுத்த பாக்கெட்டைச் சிறிதாக்கும். லினக்ஸ் இதைப் பத்து நிமிடம் வைத்திருக்கும், பிறகு மறந்துவிட்டு மறுபடி பெரிதாக முயன்று பார்க்கும். பாதை நல்லபடியாக மாறியிருந்தால் அந்த லாபம் கிடைக்க வேண்டும் அல்லவா, அதற்காக. ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர் துண்டாக்குவதே கிடையாது, ஆகவே அங்கே ஐசிஎம்பிவி6 வகை 2 செய்திதான் ஒரே வழி.

இந்த முறை அந்தச் செய்தி திரும்பி வருவதை மட்டுமே நம்பியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடும் ஃபயர்வால் ஒன்று நடுவில் இருந்தால் போதும், பெரிய பாக்கெட் தொலையும், ஏன் தொலைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணினி அதே அளவில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதைக் கருந்துளை என்பார்கள். இணைப்பைத் தொடங்கிவைக்கும் கைகுலுக்கும் பாக்கெட்டுகள் சிறியவை, அவை போய்விடும். அதனால்தான் இணைந்துவிட்டது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்ற நிலை.

இதற்கு மாற்றாக 2007-இல் ஆர்எஃப்சி 4821 வந்தது. இதில் ரவுட்டரின் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. டிசிபி தானே சிறிய அளவில் தொடங்கி, நடுநடுவே கொஞ்சம் பெரிய பாக்கெட் ஒன்றைச் சோதனையாக அனுப்பும். எதிர்முனையிலிருந்து ஒப்புகை வந்தால் அந்த அளவு சரி, வராவிட்டால் அந்த அளவு ஆகாது. சோதனைப் பாக்கெட் மட்டும் தனியாகத் தொலைந்தால் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பதும் இதில் உள்ள நல்ல ஏற்பாடு. யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பும் நெறிமுறை) வழி ஓடுபவற்றுக்கு இதே யோசனையை 2020-இல் ஆர்எஃப்சி 8899 விரித்தது: 1200 பைட்டில் தொடங்கு, ஓர் அளவுக்கு மூன்று முயற்சி வரை கொடு, கண்டுபிடித்த பிறகு 600 வினாடிக்கு ஒருமுறை மேலே போக முடியுமா என்று பார். யுடிபி மேல் ஓடும் குவிக் நெறிமுறையும் குறைந்தது 1200 பைட் போகும் பாதையைக் கேட்கிறது, அங்கிருந்துதான் மேலே ஏறும். யூடியூப் ஓடுகிறதே, அப்படியானால் நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. யூடியூப் பெரும்பாலும் குவிக் வழியாக ஓடுகிறது, அதன் பாக்கெட் சிறிது.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து:

நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ சப்இன்டர்ஃபேசஸ்

லினக்ஸில் ஐபி லிங்க் ஷோ. மேக்கில் நெட்வொர்க்செட்அப் -கெட்எம்டியு ஈஎன்0. பெரும்பாலும் 1500 காட்டும். வேறு எண் இருந்தால் யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை 1500-க்குத் திருப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் கணினியின் அளவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள், பாதையை அல்ல. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூஏஎன் (வெளி இணைப்பு) பகுதிக்குப் போய் பிபிபிஓஇ-யா, அங்கே எம்டியு என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விபிஎன்னை அணைத்துவிடுங்கள்.

படி 2: ஒரு தடவை கையால் அளந்து பாருங்கள்

தானியங்கி ஏற்பாடு செய்யப்போகிறோம் என்றாலும், ஒரு தடவை கையால் செய்து பார்ப்பது அவசியம் என்பது என் கருத்து. பதில்கள் எப்படி வரும் என்று கண்ணால் பார்த்திருந்தால்தான் பின்னால் ஸ்கிரிப்ட் தவறாகச் சொல்லும்போது பிடிபடும். இதற்குப் பிங் போதும்: ஒரு முகவரிக்குச் சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. 1.1.1.1 என்பது பொதுச் சர்வர் ஒன்றின் முகவரி.

விண்டோஸ்: பிங் -எஃப் -எல் 1472 1.1.1.1
லினக்ஸ்: பிங் -எம் டூ -எஸ் 1472 -சி 3 1.1.1.1 (எம் மட்டும் பெரிய எழுத்து; டூ என்பது 'செய்' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்)
மேக்: பிங் -டி -எஸ் 1472 1.1.1.1 (டி மட்டும் பெரிய எழுத்து)

1472 ஏன் என்றால், பிங்கில் கொடுக்கும் அளவு உள்ளே இருக்கும் சரக்கு மட்டுமே. அதோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஆக 28 பைட் சேரும். 1472-உம் 28-உம் 1500. கிடைத்த விடையோடு 28 கூட்ட மறந்துவிட்டு, 1464 என்ற எண்ணை அப்படியே எம்டியுவாகப் போட்டுவிடுபவர்கள் உண்டு. அதில் பெரிய கேடு இல்லை, 28 பைட் வீண், அவ்வளவே.

வரும் பதில் மூன்று விதமாக இருக்கும். ஒழுங்காகப் பதில் வந்தால் அந்த அளவு போகிறது. துண்டாக்க வேண்டும், ஆனால் கொடி தடுக்கிறது என்று பதில் வந்தால், பாதை குறுகலானது, ஆனால் நேர்மையானது. லினக்ஸில் அந்தச் செய்தியிலேயே 1492 என்று அளவும் சேர்ந்து வரும். மூன்றாவதாக, ஒன்றுமே வராமல் நேரம் கடந்தது என்று மட்டும் வரலாம். சின்ன அளவில் பதில் வந்து பெரிய அளவில் மௌனம் என்றால் அதுதான் கருந்துளை. உங்கள் புகாருக்கான காரணம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. சில சர்வர்கள் பெரிய பிங்குக்குச் சுருக்கிய பதில் அனுப்பும். அப்போது நீங்கள் சோதித்தது போகும் திசையை மட்டுமே, வரும் திசையை அல்ல. பதிலில் காட்டும் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். இன்னொன்று, லினக்ஸ் ஒருமுறை குறுகிய அளவைத் தெரிந்துகொண்டால் பத்து நிமிடத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கும். மறுபடி சுத்தமாக அளக்க ஐபி ரூட் ஃப்ளஷ் கேஷ் கொடுங்கள்.

லினக்ஸில் ட்ரேஸ்பாத் -என் 1.1.1.1 என்று கொடுத்தால் எந்த ஹாப்பில் (வழியில் எத்தனையாவது ரவுட்டரில்) அளவு குறைகிறது என்பதையும் காட்டும். ரவுட்டர்கள் ஐசிஎம்பி அனுப்பினால்தான் இது வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 3: தேடலை ஸ்கிரிப்டாக்குங்கள்

ஒவ்வொரு பைட்டாகக் குறைத்துக்கொண்டே வருவது வீண் வேலை. இருபக்கத் தேடல் போதும். ஷெல், பவர்ஷெல், பைத்தான் எதில் எழுதினாலும் தர்க்கம் ஒன்றே:

கீழ் எல்லையை 1252 என்று வையுங்கள். இது 28 கூட்டினால் 1280, எந்த ஐபிவி6 இணைப்பும் தாங்க வேண்டிய குறைந்தபட்சம். மேல் எல்லையை 1473 என்று வையுங்கள், இது 1500 இணைப்பில் போகவே போகாத அளவு. இரண்டுக்கும் நடு எண்ணை எடுத்துப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் கீழ் எல்லை அங்கே ஏறும், வராவிட்டால் மேல் எல்லை அங்கே இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 ஆனதும் நிறுத்தி, கீழ் எல்லையோடு 28 கூட்டினால் விடை.

பிபிபிஓஇ வீட்டு இணைப்பில் இது எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். 1362 போகும், 1417 போகும், 1445 போகும், 1459 போகும், 1466 போகாது, 1462 போகும், 1464 போகும், 1465 போகாது. எட்டே முயற்சி. 1464-உம் 28-உம் 1492.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இங்கேதான் அதிகம். தேடலைத் தொடங்கும் முன் 1252 உண்மையிலேயே போகிறதா என்று சோதித்துவிடுங்கள். போகவில்லை என்றால் அந்தச் சர்வர் பிங்குக்கே பதில் தருவதில்லை அல்லது நெட்டே இல்லை. இந்தச் சோதனை இல்லாத ஸ்கிரிப்ட், கேபிள் கழன்று கிடக்கும்போதும் 1280 என்று தைரியமாக விடை சொல்லும். அடுத்து, ஒரு பிங் தொலைந்ததும் அந்த அளவு ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள். மழை நாளில் மொபைல் டேட்டாவில் சாதாரணமாகவே பாக்கெட் தொலையும். மூன்றில் ஒன்று வந்தாலும் அளவு போகிறது என்று கொள்ளுங்கள், மூன்றும் தொலைந்தால் மட்டும் ஆகாது என்று கொள்ளுங்கள். ஆர்எஃப்சி 8899 மூன்று என்று வைத்ததும் இதற்காகத்தான். விண்டோஸில் பிங்கின் வெளியேறும் குறியீட்டை நம்பாமல், பதிலில் டிடிஎல் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவது நம்பகமானது. ஒரே சர்வரை வைத்து முடிவு செய்யாமல், நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் இடங்களில் இரண்டு மூன்றைச் சோதியுங்கள். பாதை எம்டியு என்பது ஒவ்வொரு சேருமிடத்துக்கும் வேறு.

வேகம் வேண்டுமென்றால் இருபக்கத் தேடலுக்கு முன்பே தெரிந்த எம்டியு அளவுகளை முயலலாம் (பிங்கில் 28 கழித்துக் கொடுக்க வேண்டும்): 1500, 1492, 1480, 1420, 1400. முதல் முயற்சியிலேயே 1500 போய்விட்டால் தேடலே வேண்டாம். 1492 போய் 1493 போகவில்லை என்றால் மூன்று முயற்சியில் வேலை முடிந்தது.

படி 4: இயங்குதளத்திடம் பொறுப்பைக் கொடுங்கள்

ஸ்கிரிப்ட் நிலைமையைத் தெரிந்துகொள்ள. தினசரி வேலைக்கு டிசிபியே பாதையை அளக்க வேண்டும். லினக்ஸில் ஆர்எஃப்சி 4821 முறை உள்ளேயே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். அதை எழுப்ப:

சிஸ்சிடிஎல் -டபிள்யூ நெட்.ஐபிவி4.டிசிபி_எம்டியு_ப்ரோபிங்=1

0 என்றால் அணைவு. 1 என்றால் கருந்துளை இருப்பதாகச் சந்தேகம் வந்தபோது மட்டும் சோதனை. 2 என்றால் எப்போதும். 2 கொடுத்தால் ஒவ்வொரு இணைப்பும் 1024 பைட் எம்எஸ்எஸ்ஸில் தொடங்கிப் பிறகுதான் ஏறும். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் 1 போதும், அதையே பரிந்துரைக்கிறேன். பெயரில் ஐபிவி4 என்று இருந்தாலும் ஐபிவி6 வழி டிசிபிக்கும் இது பொருந்தும். கணினியை மறுபடி தொடங்கினாலும் நிலைக்க வேண்டுமென்றால், இடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு உருவாக்கி அதே வரியைக் கட்டளைப் பெயர் இல்லாமல் எழுதி வையுங்கள். சர்வர் நடத்துபவர்கள் இதைச் செய்தால், எங்கோ ஒரு கிராமத்தில் கருந்துளைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் பக்கம் திறக்கும். அனுப்புகிற பக்கம்தான் இந்த அளவைத் தீர்மானிக்கிறது என்பதால் நம் மடிக்கணினியில் மட்டும் செய்தால் ஏற்றத்துக்கே (அப்லோடு) உதவும், இறக்கத்துக்கு (டவுன்லோடு) உதவாது.

விண்டோஸில் பாதை எம்டியு கண்டறிதல் இயல்பாகவே இயங்கும், அதை அணைக்கச் சொல்லும் பதிவேட்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். வேறு வழியே இல்லாமல் கையால் அளவைக் குறைக்க வேண்டுமென்றால்:

நெட்எஸ்எச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 செட் சப்இன்டர்ஃபேஸ் "வைஃபை" எம்டியு=1492 ஸ்டோர்=பெர்சிஸ்டென்ட்

மேற்கோளுக்குள் படி 1-இல் உங்கள் கணினி காட்டிய பெயரை அப்படியே போட வேண்டும். இது கடைசி மருந்து. வீட்டில் எல்லாச் சாதனத்திலும் தனித்தனியாக இதைச் செய்துகொண்டிருப்பதைவிட ரவுட்டரில் ஓரிடத்தில் செய்வது நல்லது.

படி 5: ரவுட்டர்

இங்கே இரண்டு வேலை. முதலாவது, ஐசிஎம்பி அடைப்பைத் திறப்பது. வெளியிலிருந்து வரும் பிங்கை மறுப்பது வேறு, ஐசிஎம்பி முழுவதையும் அடைப்பது வேறு. முன்னதைச் செய்தால் கேடு இல்லை. பின்னதைச் செய்தால் மேலே சொன்ன கருந்துளையை நீங்களே வீட்டுக்குள் கட்டுகிறீர்கள். ஐபிவி6-இல் "பாக்கெட் பெரிது" செய்தியைத் தடுக்கவே கூடாது என்று 2007-இன் ஆர்எஃப்சி 4890 தெளிவாகவே சொல்கிறது.

இரண்டாவது, எம்எஸ்எஸ் கிளாம்பிங். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் தங்கள் எம்எஸ்எஸ்ஸைச் சொல்லிக்கொள்ளும். ரவுட்டர் அந்த முதல் பாக்கெட்டைப் பிடித்து 1460-ஐ 1452 என்று மாற்றி விட்டால், இரு பக்கமும் ஆரம்பத்திலேயே சரியான அளவுக்கு வந்துவிடும், இறக்கமும் சேர்த்து. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் ஃபயர்வால் பக்கத்தில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற டிக் இருக்கும். மைக்ரோடிக்கில் பிபிபி ப்ரொஃபைலில் சேஞ்ச் டிசிபி எம்எஸ்எஸ். லினக்ஸையே ரவுட்டராக வைத்திருப்பவர்கள் ஐபிடேபிள்ஸ் மாங்கிள் பட்டியலில் டிசிபிஎம்எஸ்எஸ் இலக்கோடு கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு விதியைச் சேர்க்கலாம். எண்ணைக் கையால் எழுதாமல் இந்த "பாதைப்படி" விருப்பத்தையே தேர்ந்தெடுங்கள். ஃபைபர் போய் மொபைல் டாங்கிளுக்கு மாறினாலும் விதி அந்த இணைப்புக்கு ஏற்ற அளவை எடுத்துக்கொள்ளும்.

ஒரே குறை, இது டிசிபிக்கு மட்டும். யுடிபி வழி ஓடும் விபிஎன்னை இது தொடாது.

படி 6: விபிஎன்

மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, விபிஎன் கனெக்ட் ஆவுது, ஃபோல்டர் மட்டும் தொறக்க மாட்டேங்கு" என்று கூப்பிட்டார். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் திறக்கிறது, வீட்டு ஃபைபரில் திறப்பதில்லை. "ஐபிவி6 எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். புது ரவுட்டர் வைத்த பிறகுதான் என்றார். அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

அவர் பயன்படுத்தியது வயர்கார்ட் என்ற விபிஎன். அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வெளியே ஓர் உறை போடுகிறது. வெளிப் பாதை ஐபிவி4 என்றால் 20 ஐபி, 8 யுடிபி, 32 வயர்கார்ட், மொத்தம் 60 பைட். ஐபிவி6 என்றால் 80 பைட். வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. 1420-உம் 60-உம் 1480, பிபிபிஓஇ-யின் 1492-க்குள் அடங்கும். 1420-உம் 80-உம் 1500, அது 1492-இல் அடங்காது. பழைய ரவுட்டரில் ஐபிவி4 வழியே போனதால் ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் ஐபிவி6 வழி எடுத்ததும் 8 பைட் வெளியே நீட்டிக்கொண்டது. அவருடைய வயர்கார்ட் கோப்பில் எம்டியு = 1412 என்று ஒரு வரி சேர்த்ததும் ஃபோல்டர் திறந்தது.

கணக்கு எளிது: படி 3-இல் கிடைத்த பாதை எம்டியுவிலிருந்து 80-ஐக் கழியுங்கள், அதை வையுங்கள். ஐபிவி4 மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் 60 கழித்தால் போதும், ஆனால் நம் இணைப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் 80 கழிப்பதே பாதுகாப்பு. மொபைல் வழியும் போகிறவர்கள் ஹாட்ஸ்பாட்டிலும் ஸ்கிரிப்டை ஓட்டி, இரண்டில் சிறியதை வையுங்கள். விபிஎன் விஷயத்தில் மட்டும் நிலையான எண் வைப்பதை நான் ஏற்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சுரங்கங்களுக்குத் தன் பாதையைத் தானே அளக்கும் வசதி இன்னும் இல்லை. இன்னும் ஒழுங்காகச் செய்ய நினைத்தால், நெட்வொர்க் மாறும்போதெல்லாம் படி 3-இன் ஸ்கிரிப்டை ஓடவைத்து, கிடைத்த எண்ணைச் சுரங்கத்துக்குக் கொடுக்கலாம். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர் ஃபோல்டரில் ஸ்கிரிப்டைப் போட்டால் இணைப்பு மாறியதும் தானாக ஓடும். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரில் நெட்வொர்க் இணைந்த நிகழ்வைத் தூண்டுகோலாக வைக்கலாம். பிங்கை ஓட்டும் வழி விபிஎன்னுக்குள் போய்விடாமல், வெளி இணைப்பில் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: உண்மையிலேயே பலன் உண்டா என்று அளங்கள்

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை இரண்டு முனையிலும் ஓட்டி, -எம் (பெரிய எழுத்து) விருப்பத்தால் எம்எஸ்எஸ்ஸை மாற்றி மாற்றிப் பாருங்கள்: 1452, 1400, 1200. ஒவ்வொன்றையும் சில தடவை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் அளந்ததைக் காலையில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். 1452-க்கும் 1400-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, தெரியவும் கூடாது. அதிலேயே பெரிய பள்ளம் தெரிந்தால் துண்டாவதோ தொலைவதோ நடக்கிறது.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கணினியிலேயே பிடித்தால் பல ஆயிரம் பைட் பாக்கெட்டுகள் தெரியும். அது எம்டியு மீறல் அல்ல. பெரிய கட்டாகக் கொடுத்துவிட்டு, துண்டு போடும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விட்டுவிடுவது இன்றைய இயங்குதளங்களின் வழக்கம். கம்பியில் போவது 1500-தான்.

வேகம் குறைந்த அப்லோடு இணைப்பில் அழைப்பு திக்குகிறது என்று எம்டியுவை 576-க்கு இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 256 கேபிபிஎஸ் காலத்தில் ஒரு 1500 பைட் பாக்கெட் வெளியேற 47 மில்லிவினாடி ஆனது, அப்போது அதில் நியாயம் இருந்தது. 10 எம்பிபிஎஸ்ஸில் அது 1.2 மில்லிவினாடி. இன்றைய திக்கலுக்குக் காரணம் ரவுட்டரில் தேங்கும் வரிசை, அதற்கு எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை மேலாண்மையைப் போடுங்கள்.

ஸ்டுடியோக்களுக்கு: ஜம்போ ஃப்ரேம்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களில் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியும் இரண்டு மூன்று எடிட்டிங் கணினிகளும் இருக்கும். அங்கே 9000 பைட் ஜம்போ ஃப்ரேம் பயன்படும்: திறன் 94.9-இலிருந்து 99.1 சதவீதம் ஆகும், செயலியின் சுமையும் குறையும். ஆனால் இங்கே தானியங்கி முறை கைகொடுக்காது. ஒரே ஸ்விட்சில் இருக்கும் சாதனங்களுக்கு நடுவில் ரவுட்டர் இல்லை. 9000-ஐத் தாங்காத ஸ்விட்ச் அந்தச் சட்டத்தைச் சத்தமில்லாமல் கைவிடும், எந்த ஐசிஎம்பியும் வராது. ஸ்விட்ச், ஸ்டோரேஜ், கணினிகள் எல்லாமே 9000 என்று உறுதியான பிறகு, படி 2-இன் பிங்கை 8972 அளவில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று தவறினாலும் அந்த நெட்வொர்க்கை 1500-இலேயே விடுங்கள். பிரின்டரும் டிவியும் இருக்கும் நெட்வொர்க்கில் ஜம்போ வேண்டவே வேண்டாம்.

1492-ஐ 1500 ஆக்க முடியுமா

முடியும், கேபிள்காரரின் கருவி இடம் கொடுத்தால். 2006-இன் ஆர்எஃப்சி 4638 பிபிபிஓஇ-க்குள்ளேயே 1500 பைட்டை அனுமதிக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் ஈதர்நெட் 1508 பைட்டைத் தாங்க வேண்டும். உங்கள் ரவுட்டரில் டபிள்யூஏஎன் போர்ட்டை 1508, பிபிபிஓஇ-யை 1500 என்று வைத்து இணைத்துப் பாருங்கள். எதிர்முனை ஒப்புக்கொள்ளாவிட்டால் பேச்சுவார்த்தையில் 1492-க்கே இறங்கிவிடும், இணைப்பு அறுந்துவிடாது. இணைந்த பிறகு 1472 பிங் போகிறதா என்று சோதியுங்கள், இணைந்துவிட்டது என்பதையே சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருந்துளை உங்கள் வீட்டுக்கு வெளியே இருப்பதாகத் தெரிந்தால் கேபிள்காரரிடம் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், அதற்கு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். எந்த முகவரிக்கு, எந்த அளவு வரை போகிறது, எந்த அளவில் பதிலே இல்லாமல் நிற்கிறது, ட்ரேஸ்பாத்தில் எந்த ஹாப் வரை தெரிகிறது, நேரம் என்ன என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். ஹாட்ஸ்பாட்டில் அதே முகவரிக்கு எடுத்த அளவையும் சேர்த்து அனுப்பினால், சர்வர் பக்கத்துக் கோளாறு என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது.